செவ்வாய்க்கிழமை முழுக்க உன் கதைதான், அக்கா

கூப்பிடும்போதெல்லாம் “என்னடா இப்ப?” என்று எரிந்து விழுந்துகொண்டே ஓடி வந்த என் பூமணி அக்காவுக்கு,

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். உன் மகள் சுகந்தி ஒருநாள் வாய்விட்டு அழுவாள், அழுதால்தான் எழும்புவாள் என்று உன் செத்தவீட்டுப் பந்தலுக்குள் நின்று பலபேர் கேட்கச் சொன்னேன். யார் யார் கேட்டார்கள் என்று இப்போது விசாரிக்காதே. பறைமேளச் சத்தத்தில் சிலருக்குக் காதில் விழாமல் போயிருக்கலாம்.

வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். நினைவு மலர் அடிக்கப் போகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் பாட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். நான் கடிதம் தருகிறேன் என்றேன். உன் மச்சாள், அதுதான் என் வீட்டுக்காரி, அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்: “எட்டாம் வகுப்போட நிண்டவருக்கு என்ன கடுதாசி? பேசாம ஒரு விளக்குப் படத்தப் போடச் சொல்லுங்க.” நான் எட்டாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம் என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நல்ல விதமாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன? எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது, அக்கா. செத்துப்போன மனுசியைப் பார்த்து ஒருவனுக்குப் பொறாமை வருமா? எனக்கு வந்திருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை.

நீ போனபிறகு நடந்ததைச் சொல்கிறேன். உன் மகள் அழவில்லை. பெட்டியை மூடும்போதும் அழவில்லை, தூக்கும்போதும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் போனதா, உட்காரக் கதிரை காணுமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் அவள் காதுபடவே கதைத்தார்கள். “தாய்க்காரி குவைத்தில கிடந்து கட்டிக் குடுத்த வீட்டுக்குள்ளயே நிண்டுக்கிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லகா. என்ன மனமோ!” நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கென்ன மாமா” என்றாள்.

அந்தச் சொல் உனக்குப் பழக்கம்தானே. பள்ளிக்கூடச் சோதினையில் சித்தியடைந்தபோதும் எனக்கென்ன. கலியாணம் பேசியபோதும் எனக்கென்ன. புருசன் கட்டாருக்குப் போனபோதும், போகிற மனுசனின் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், இவள் வாசலில் நின்று எனக்கென்ன.

மறுகா ஒருநாள், குழந்தைக்கு நிறை பார்க்க மிட்வைஃப் அம்மா வந்திருக்கிறா. உன் பேத்தி ஆதிரா விழுந்து எழும்பி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாயிடம் கத்தி அழுதிருக்கிறது. சுகந்தி தூக்கவில்லை. கிட்டப் போகவுமில்லை, தள்ளிப் போகவுமில்லை. கரண்ட் கம்பம் மாதிரி நின்றாளாம். மிட்வைஃப் அம்மாதான் குழந்தையைத் தூக்கித் தேற்றிவிட்டு, கல்லடியில் உளவளத்துணை செய்கிற இடத்துக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தா.

ஊரில் உடனே, பூமணியின் மகளுக்கு மண்டைப் பிழையாம் என்று கதை. நான் சந்தியில் நின்று சத்தம் போட்டேன். அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் முன்னால் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஆர் கூட்டிக்கொண்டு போவது? நான்தான். என் ஓட்டோ எதற்கு இருக்கிறது? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை களுதாவளையில் இருந்து கல்லடிக்கு. மற்ற ஓட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு. என் பிள்ளைகள் இரண்டும் தாயின் குடி. இவள் உன் வயிற்றில் பிறந்தவள் என்றபடியால் என் குடி. கோயிலில் நம் குடியின் திருவிழா வந்தால் எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் இவள்தான், என் சொந்த மகள் இல்லை. நம் வழக்கம் அப்படி, குடி தாய்வழியில்தான் வரும். அதையும் விடு, இவள் என் இடுப்பில் வளர்ந்தவள். பிறகு இவளை வேறு யார் கொண்டுபோவது?

அந்த இடத்தில் ரிஸானா மிஸ் என்று ஒரு பிள்ளை. ஏறாவூர். சுகந்தியைவிட வயது குறைவாக இருக்கும். பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. குரல் சின்னது, சிரிப்பும் சின்னது. என்னை “அங்கிள்” என்றா. நோய் என்ன, மருந்து என்ன என்று கேட்டேன்.

“மருந்து இல்ல அங்கிள். கதைக்கிறதுதான்.”

“கதைக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? ஊர்ல என்னமாதிரிக் கதைக்கிற ஆள் இல்ல.”

“ஓம், சுகந்தியும் அதத்தான் சொன்னா” என்று கதவைச் சாத்திவிட்டா.

கதவுக்கு வெளியே ஒரு பூவரச மரம். அதன்கீழ் என் ஓட்டோ. உள்ளே நடப்பதை நான் எப்படி அறிவது? திரும்பி வரும் வழியில் சுகந்தி கொஞ்சம் சொல்லுவாள். ஆரையம்பதி வரைக்கும் வாய் திறக்க மாட்டாள், அதற்குப் பிறகு இரண்டு மூன்று வசனம். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். ஒருமுறை மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன், எண்ட மருமகள் என்ன சொல்றா என்று. “அது அவட கதை அங்கிள். அவ சொன்னாத்தான்” என்றா. அவட கதையாம்! அந்தக் கதையில் பாதி நடந்தபோது இந்தப் பிள்ளை பிறக்கவேயில்லை.

ஆனால் விசயம் இல்லாத பிள்ளை இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாட்களில் சுகந்தி கதவோரக் கதிரையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, எப்போது எழும்பி ஓடலாம் என்பதுபோல இருந்திருக்கிறாள். தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்பதில்லை. மிஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் மெதுவாகக் கேட்டிருக்கிறா: “கேட்டா கிடைக்காது எண்டு எப்ப இருந்து நினைக்கத் தொடங்கின நீங்க?” அவ்வளவுதான் கேள்வி. அன்று திரும்பி வரும் வழியில் களுவாஞ்சிகுடிக்குப் போகிற பஸ் ஒன்று எங்களை இடிக்கிற மாதிரி வந்தது, அதற்குக்கூடச் சுகந்தி கத்தவில்லை.

இதற்கு ஒரு படிப்பு இருக்கிறதாம், அக்கா. பற்றுப்பிணைப்பு என்று மிஸ் சொன்னா. நான் அதை ஒட்டுதல் என்றுதான் சொல்வேன். பிள்ளை பிறந்தவுடன் ஒரு ஆளில் ஒட்டும். அந்த ஆள் இருக்கிற தைரியத்தில்தான் தவழ்ந்து அங்கால போகும், பயந்தால் திரும்பி ஓடி வரும். ஓடி வந்த இடத்தில் ஆள் இல்லை, வந்தாலும் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது என்றால், சில பிள்ளை விடாமல் பிடித்துத் தொங்கும். சில பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடும். நிறுத்தின பிள்ளையைப் பார்த்து நாங்கள், என்ன நல்ல பிள்ளை, ஒரு கரைச்சல் இல்லை என்போம். வளர்ந்த பிறகும் அதே பழக்கம் புருசனிடம் வரும், பிள்ளையிடம் வரும், வைத்தியம் பார்க்கிறவரிடமும் வரும். வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது. கதவோரம் இருக்கிறவளைத் திட்டாமல், இழுக்காமல், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் அதே கதிரையில் ஒரு ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கிழமைக்குக் கிழமை. அதனால்தான் மருந்து இல்லை என்றா. செவ்வாய்க்கிழமைதான் மருந்து.

ஆற்றில் கம்பு ஊன்றித் தோணியைக் கட்டினால் காற்றுக்குச் சுற்றும், ஆனால் போகாது, அதுபோலத்தானே மிஸ் என்று நான் கேட்டேன். அப்படியே அசந்துபோய்க் கொப்பி எடுத்து எழுதிக்கொண்டா. வரும்வழியில் சுகந்தியிடம் இதைச் சொன்னேன்.

“மிஸ் எழுதல்ல மாமா. சிரிச்சா.”

“எழுதினா. நான் பார்த்தன்.”

“உங்கட கதையில பாதிய ஆத்துல விட்டுட்டுத்தான் மீதியக் கேக்கணும்.”

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம். ஆனால் அந்தச் சிரிப்பும் அங்கே இருந்து வாங்கிக்கொண்டு வந்த சிரிப்புத்தானே? எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்ததற்கு இன்னும் காரணம் இருக்கிறது. உன் வளவு மாமரம் இந்த முறை காய்த்துத் தள்ளியது. முதல் பழம் எனக்குத்தான் வரும் என்று இருந்தேன். வழக்கம் அதுதானே? சுகந்தி நல்ல பழமாகப் பார்த்து ஒரு பையில் கட்டி மிஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். போகும் வழி முழுக்க வாசம் என் மூக்கில் ஏறியது. திரும்பி வரும்போது பை அப்படியே இருந்தது. “மிஸ் ஒண்டும் வாங்க மாட்டாங்களாம், அவங்கட வேலையில அப்பிடிக் கூடாதாம். நீங்க தின்னுங்க மாமா.” மிச்சப் பழம்! தின்னக் கூடாது என்றுதான் நினைத்தேன். தேன் மாதிரி இருந்தது, என்ன செய்ய?

பிறகு ஒருநாள் மிஸ்ஸின் பக்கத்துக் கதிரைக்கு மாறிவிட்டாளாம், பையைக் கீழே தரையில் வைத்துவிட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது பல்கலைக்கழகம் கிடைத்த மாதிரி ஒரு முகம். பையைத் தரையில் வைக்கிறதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப் போனது. கேட்டிருக்கக் கூடாது.

நடுவில் மிஸ் ஒரு கிழமை லீவு போனா. வீட்டில் ஏதோ கலியாணம். போவதற்கு முன்னரே சொன்னா. இந்தச் செவ்வாய் இருக்க மாட்டேன், அடுத்த செவ்வாய் இருப்பேன் என்று போகும் நாளும் வரும் நாளும் சொல்லி, சுகந்தி விளங்கிக்கொண்டாளா என்று திரும்பவும் கேட்டு. சரி என்று வந்தாள். அந்த வெறும் செவ்வாய்க்கிழமை அவளை நான் பாசிக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். எனக்கென்ன என்றாள். அடுத்த கிழமை போனபோது பை திரும்ப மடிக்கு வந்துவிட்டது. “நான் சரியாகிட்டன் மிஸ், இனி வரத் தேவையில்ல” என்றாளாம். வேறு ஆள் என்றால், மெத்தச் சந்தோசம், போய் வாங்கோ என்று அனுப்பியிருக்கும். இந்தப் பிள்ளை விடவில்லை.

“நான் போனது உங்களுக்குக் கோபமா?”

“இல்ல மிஸ், எனக்கென்ன.”

“கோபம் வரலாம். வந்தா நான் ஓடிப்போக மாட்டன். இஞ்சதான் இருப்பன்.”

இதற்குப் பிறகு எனக்குக் கேட்டது அழுகை. பூவரச மரத்தடி வரைக்கும் கேட்டது. முதலில் யாருடைய சத்தம் என்றே தெரியவில்லை. தெரிந்ததும் ஓடிப்போய்க் கதவுக் கைபிடியில் கை வைத்தேன். திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? உள்ளே ஆள் இருக்கிறதே. திரும்பி வந்து ஓட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தேன். இத்தனை காலம் வளர்த்தவன் பார்க்காத அழுகையை, ஒரு கிழமை லீவு போய் வந்த பிள்ளை பார்த்துவிட்டா. இது ஞாயமா, நீயே சொல்லு?

அன்று வரும் வழியில் அவள் சொன்னாள்: “போறன் எண்டு சொல்லிட்டுப் போனாங்க மாமா. சொன்ன நாளைக்கு வந்தாங்க.” மற்றதெல்லாம் பிறகுதான் சொன்னாள். எனக்கு எங்கே குத்தியது என்று உனக்கு விளங்கும்.

நீ குவைத்துக்குப் போன அன்று பிள்ளையைக் கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னது நீதான். அப்படித்தான் எல்லா வீட்டிலும் செய்தோம். தாய் வெளிநாடு போகும்போது பிள்ளைக்குச் சொல்வதில்லை, கண்ணில் காட்டுவதில்லை. அழுகையைக் கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் பயணம் சரிவராது என்பார்கள். நானும் நண்டு பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பிள்ளை அடுப்படியைப் பார்த்தது, கிணற்றடியைப் பார்த்தது, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தது. பிறகு சோற்றைப் போடச் சொல்லித் தின்றது. அழவில்லை. நம் சனம் எல்லாம் மெச்சியது. நீ போனதும் அவளுக்காகத்தான். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் இங்கே கலியாணம் பேச முடியுமா? அவளுக்கு வீடு கட்டுவதற்காக அவளைவிட்டுப் போனாய். வீடு நிற்கிறது, அக்கா. போன மாரிக்குக்கூட ஒரு ஓடு அசையவில்லை.

நீ முதல் லீவில் வந்தது நினைவிருக்கிறதா? கண் மூடித் திறக்கிற பொம்மையோடு வந்து இரண்டு கையையும் நீட்டினாய். அவள் நான் உடுத்திருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள். நீ கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாய், வெகுநேரம் கழுவினாய். எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா? பார், பிள்ளை என்னில்தான் ஒட்டு என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் இன்னும் இறுக்கமாக என் காலைப் பிடிப்பதாகக் கதை வளர்ந்தது. மிஸ் என்ன சொல்கிறா என்றால், முகத்தைத் திருப்புகிற பிள்ளை பாசம் இல்லாமல் திருப்புவதில்லையாம். பார்த்தால் தாங்க ஏலாது என்றுதான் திருப்புமாம். தேடித் தேடிக் களைத்த பிள்ளைதான் அப்படிச் செய்யுமாம். எனக்கு இதுவும் தெரியும் என்று சொன்னேன். சொன்னது வாய். உள்ளே என் பெருமையில் ஒரு பெரிய துண்டு உடைந்து விழுந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை முழுக்க உன் கதைதான். அம்மா அப்படி இருந்திருப்பாவோ, இப்படி நினைத்திருப்பாவோ. குவைத்தில் இருந்து திரும்பி வந்த பிறகு அம்மா ஒவ்வொரு நாளும் என் தட்டில் மீன் நடுத்துண்டை வைத்தாவே மாமா, நான் ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தேனா என்பாள். நான் ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். போனவள் நீ. இருந்தவன் நான். பல் விழுந்தபோது கூரையில் எறிந்தவன் நான், பெரியபிள்ளையானபோது தோரணம் கட்டியவன் நான், சயிக்கிள் ஓடப் பழக்கி முட்டியை உடைத்தவனும் நான். என் பெயர் ஒரு இடத்திலும் வரக் காணோம். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

“உள்ளுக்க என்னப் பத்தி என்ன கதைச்ச?”

“உங்களப் பத்தி என்ன மாமா கதைக்க இரிக்கு? நீங்கதான் இரிக்கிறீங்களே.”

அப்படியே ஓட்டோவைத் தாளங்குடாவில் ஓரமாக்கி இறங்கி, ஒரு சோடா குடித்தேன். அவளுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. பிறகு மனம் கேட்காமல் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மிஸ் சுகந்தியிடம், அம்மா எப்படிப்பட்டவ என்று கேட்டிருக்கிறா. நல்லவ, பாவம், கஷ்டப்பட்டவ என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரி, நல்லவ என்றால் ஒரு சின்னச் சம்பவம் சொல்லுங்கள், ஒரே ஒரு நாள், நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்று மிஸ் கேட்டிருக்கிறா. அங்கேதான் நின்றுவிட்டது. சொல் இருக்கிறது, சம்பவம் இல்லை. நீ போகும்போது மூன்று வயதுப் பிள்ளை, அதற்கு என்ன நினைவு இருக்கும்? கிழமைக் கணக்காகத் தேடியிருக்கிறாள். கடைசியில் ஏதோ ஒன்று அகப்பட்டதாம். அதைக் கேட்பதற்காக என்னை உள்ளே கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவளே மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள்.

நான் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். கடைசியில் என் முறை வந்துவிட்டதே!

போனவுடன் மிஸ், “அங்கிள், சுகந்தி உங்கள்ட்ட ஒண்டு கேக்கணுமாம்” என்றா.

“அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கிறன் மிஸ். இவ்வளவு காலமா வாறா. என்னப் பத்தி ஒரு சொல்லாவது சொன்னாளா?”

“ஐயோ மாமா, வந்து இரிக்க முதலேவா?” என்று சுகந்தி தலையில் கை வைத்தாள்.

மிஸ் அவளைப் பார்த்தா, சொல்லட்டுமா என்பதுபோல. அவள் தலையாட்டினாள். “அங்கிள், இவ்வளவு நாள்ல சுகந்தி ஒருக்காலும் அந்த யன்னலால எட்டிப் பார்த்ததில்ல, நீங்க வெளியில நிக்கிறீங்களா எண்டு.”

“பார்த்தீங்களா! எட்டிக்கூடப் பார்க்கல்ல!”

“மத்த ஆக்கள் எல்லாரும் பார்ப்பாங்க அங்கிள், ஆள் நிக்குதா போயிட்டுதா எண்டு.”

எனக்கு அது உடனே பிடிபடவில்லை. சுகந்தி பேசத் தொடங்கிவிட்டாள்.

“மாமா, எனக்கு ஒண்டு மட்டும் ஞாபகம் இரிக்கு. பகல் நேரம். பாயில படுத்திரிக்கன். ஆரோ எண்ட குதிக்கால உள்ளங்கைக்குள்ள வச்சுப் புடிச்சிரிக்காங்க. நான் நித்திரையாகும் மட்டும் விடல்ல. முகம் தெரியல்ல. கை மட்டும்தான். சொரசொரப்பான, சூடான கை.” என் பக்கம் திரும்பினாள். “அது அம்மாதானே மாமா?”

மிஸ் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

“ஓம் மகள். கொம்மாதான்.”

சொன்னேன். சொன்னதோடு நிற்பேனா? மத்தியானச் சோறு ஆக்கி இறக்கிவிட்டு வந்து நீ பக்கத்தில் சரிவதை, அப்போது வெற்றிலைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து உன் கை காய்த்திருந்ததை, பிள்ளையின் குதிக்கால் உன் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கியிருந்ததை, எல்லாம் சொன்னேன். “வெளிநாடு போற யோசினை வந்த நாள்ல இருந்து அப்பிடித்தான் புடிப்பா. விடுறதுக்கு மனம் இல்ல அவக்கு” என்றும் சொன்னேன்.

சுகந்தி கதிரையிலேயே கூனிக் குறுகி, தன் குதிக்காலைத் தானே பிடித்துக்கொண்டு அழுதாள். “அம்மா” என்று அழுதாள். உன் செத்தவீட்டில் அழ வேண்டியதை அங்கே அழுது முடித்தாள். மிஸ் தண்ணீர் எடுத்து வைத்தா. இவள் கேட்காமலேயே எடுத்துக் குடித்தாள். வெளியே வரும்போது மிஸ் என் பின்னால் வாசல் வரைக்கும் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தை நல்லாகப் பார்த்துவிட்டு, “பார்த்துப் போங்க அங்கிள்” என்று மட்டும் சொன்னா.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பாய். ஆதிராவை நேசரியில் சேர்த்தாயிற்று. மற்றத் தாய்மார் பிள்ளைக்கு ஊஞ்சலைக் காட்டிவிட்டு நைசாக நழுவுகிறார்கள், நீயும் நானும் செய்த மாதிரியே. சுகந்தி அப்படிச் செய்வதில்லை. குந்தி இருந்து, முகத்துக்கு நேரே, “அம்மா போயிட்டு வாறன். மணி அடிச்ச உடன வாசல்ல நிப்பன்” என்று சொல்கிறாள். அது கத்துகிறது. “அழு மகள், அம்மாக்கு விளங்குது” என்று தூக்கி அணைத்துவிட்டுத்தான் போகிறாள். மணி அடிக்கும்போது வாசலில் நிற்கிறாள். அந்தக் குட்டி சண்டைக்கோழி மாதிரி ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொள்கிறது. கட்டாரில் இருந்து புருசன் கூப்பிட்டால், எப்போது வருவீர்கள் என்று கேட்கிறாள். கேட்கிறாள், அக்கா! அவன் பயந்துபோய் எனக்குப் போன் அடித்து, “மாமா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?” என்று விசாரித்தான்.

பகலில் ஆதிராவைப் படுக்க வைக்கும்போது குதிக்காலைப் பிடித்துக்கொள்கிறாள். “அம்மம்மா எனக்கு இப்பிடித்தான் புடிப்பா” என்று அதற்குச் சொல்கிறாள். போன கிழமை நான் வாசலில் நின்று கேட்டேன். நான் உள்ளே போகவில்லை.

இனி முடிக்க வேண்டும், ஆனால் முடிக்க விடாமல் ஒன்று நிற்கிறது. மேலே அந்த இடத்தை வாசித்தபோதே நீ முகத்தைச் சுளித்திருப்பாய். நான் எப்படா அவட குதிக்கால புடிச்சன் என்று கேட்டிருப்பாய். நீ பிடிக்கவில்லை. அது நான் கட்டின கதை.

நீ போனபிறகு பிள்ளை பகல் நித்திரையில் இருந்து சத்தமில்லாமல் எழும்பிப் பெரிய ரோட்டுக்குப் போய்விடும். பஸ் நிற்கிற இடத்தில் நின்று, இறங்குகிற பொம்பிளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒருநாள் வெற்றிலை ஏற்ற வந்த லொறிக்காரன் தூக்கிக்கொண்டு வந்து தந்து, என்னை நாயே பேயே என்று ஏசிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் படுத்து, குதிக்காலைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அசைந்தால் எனக்கு விழிப்பு வரும். அப்போது தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவன் நான்தான். நீ இருந்த நாளில் இதற்கெல்லாம் தேவையே இருக்கவில்லை. தாய் இருக்கிற வீட்டில் இருந்து பிள்ளை எதற்கு ரோட்டுக்குப் போகப் போகிறது?

அன்று அந்த அறையில் ‘அது நான்தான் மகள்’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. எவ்வளவு காலம் காத்திருந்த இடம் அது! ஆனால் எனக்கென்ன, எனக்கென்ன என்று வளர்ந்த பிள்ளை, ஒன்று வேண்டும் என்று கேட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. கேட்டது என்னை இல்லை. உன்னை. கொடுத்துவிட்டேன்.

சரியா பிழையா என்று மிஸ்ஸைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

இது அச்சில் வரப்போகிறது, சுகந்தியும் வாசிப்பாள், ஊரும் வாசிக்கும். எனக்கு ஒரு பயமும் இல்லை. “பாத்தீங்களா மாமாவ, செத்த மனுசியிட்ட இரிந்தும் புடுங்கித் தண்ட பேரில போட்டுக்கிறார்” என்று சுகந்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். உன் மச்சாளும் அதையே சொல்வாள். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், இதைச் சொன்னால் ஆர் நம்பப் போகிறார்கள்?

ஆகவே அந்தக் கை உன்னுடையதாகவே இருக்கட்டும். நான் அங்கே வந்து சேருகிற நாளிலும் திருப்பித் தா என்று கேட்க மாட்டேன். இது சத்தியம், அக்கா. இதில் மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

உனக்கு என்றைக்கும் ‘டேய்’,
உன் மகளுக்கு மாமா,
உன் தம்பி.